வாஸ்குலைட்டிஸ் என்றால் வீக்கம் இல்லை, அழற்சி

காவசாகி நோயை "குழந்தைகளுக்கு வரும் இரத்தநாள வீக்கம்" என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

இந்த நோய் வாஸ்குலைட்டிஸ் வகையைச் சேர்ந்தது. அந்தச் சொல்லில் வாஸ்குலம் லத்தீன், சிறு கலம் என்று பொருள், அதுவே பிறகு குழாயையும் குறித்தது. ஐட்டிஸ் கிரேக்க ஒட்டு, அழற்சி. இரண்டும் சேர்ந்தால் இரத்தக்குழாய் அழற்சி.

சிவப்பு, சூடு, வலி, வீக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அழற்சி. அதில் ஒன்றை மட்டும் பிடுங்கி முழுப் பெயராக வைத்தால் எப்படி? நீர் கோத்த கால்கூட வீங்கும், அங்கே அழற்சி இருக்கவேண்டும் என்பதில்லை. பொதுவாகவே இது பிழை, காவசாகி விஷயத்தில் ஆபத்தும்கூட. 1967இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாக்கு காவசாகி எழுதி வெளியிட்ட இந்த நோயில், இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் தமனிகளின் சுவர் அழற்சியால் வலுவிழந்து, சில குழந்தைகளுக்குப் பலூன் மாதிரி புடைத்துவிடும். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது முக்கியமாக அந்தப் புடைப்பைத்தான். இப்போது மருத்துவர் "எக்கோவில் வீக்கம் எதுவும் இல்லை" என்கிறார் என்று வையுங்கள். நோயின் பெயரே வீக்கம் என்று படித்து வந்த பெற்றோர் நோயே போய்விட்டது என்று நினைத்து, ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுக்கச் சொன்ன குறைந்த அளவு ஆஸ்பிரினை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

"வீக்கத்தைக் குறைக்கும் சிகிச்சை" என்பதும் தலைகீழ்தான். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தைச் சிரை வழியாக ஏற்றுவது, அழற்சியை அடக்கிப் புடைப்பே வராமல் தடுக்கத்தான். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி பாதிக்கப்படும், உரிய நேரத்தில் கொடுத்தால் அது சுமார் இருபதில் ஒன்றாகக் குறையும். தடுப்பதும் குறைப்பதும் ஒன்றா?

இத்தனைக்கும் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. முயல், முயற்சி, பயில், பயிற்சி, அழல், அழற்சி. அழல் என்றால் நெருப்பு. அழற்சியைக் குறிக்கும் ஆங்கில இன்ஃப்ளமேஷனுக்கும் வேர் நெருப்புதான். இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? குருதிக்குழல் என்பதா இரத்தக்குழாய் என்பதா என்று தூய தமிழ் அன்பர்கள் விவாதிக்கட்டும், எனக்கு இரண்டும் சம்மதம், படிக்கிற தாய்க்குப் புரிவது இரத்தக்குழாய் என்பதால் நான் அதையே எழுதுவேன். அழற்சியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிலர் இன்னும் ஒருபடி மேலே போய் "இதயத் தொற்று" என்றே எழுதிவிடுகிறார்கள். நோயின் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை, ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு இது ஒட்டுவதும் இல்லை. கூடப் பிறந்த பிள்ளையை எதற்குத் தள்ளி வைக்கவேண்டும்? மொழிபெயர்ப்பவர் ஒரு குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டியிருந்தாலே இந்தச் சொல் அச்சேறியிருக்காது. வீக்கம் என்ற சொல் தேவைப்படுகிற இடமும் உண்டு, சிவந்து உப்பும் கை கால்களுக்கு அதை எழுதுங்கள். தமனிக்கு வருவதைத் தமனிப் புடைப்பு என்று எழுதுங்கள்.