பேதி நின்ற பிறகும் தீராத வயிறு: ரத்தப் பரிசோதனையால் எவ்வளவு சொல்ல முடியும்?

"ஸ்கோப் நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தமும் நார்மல். அப்படியானால் என் வயிறு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது, டாக்டர்?" குடல் நோய் மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிய கேள்வி. "எப்போது தொடங்கியது?" என்று நான் கேட்டால், பலர் ஒரு குறிப்பிட்ட வாரத்தையே சொல்லிவிடுவார்கள். ஒரு கல்யாண விருந்து, ஒரு கோயில் பயணம், புது ஊரில் ஹாஸ்டல் சாப்பாடு. அதன் பிறகு நான்கைந்து நாள் காய்ச்சலும் பேதியும். பேதி நின்றுவிட்டது, வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டும், வயிறு உப்பும், பஸ்ஸில் நீண்ட தூரம் போகவே அச்சம். வீட்டில் உள்ளவர்கள் "எல்லாம் டென்ஷன்தான்" என்று முடித்துவிடுகிறார்கள்.

டென்ஷன் நோயைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் கிருமித்தொற்றுக்குப் பிறகு வரும் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற குடல் கோளாறு கற்பனை அல்ல. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. பெண்களுக்கும், பேதி கடுமையாக இருந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். இதை ரத்தப் பரிசோதனை ஒன்றால் கண்டறியலாம் என்றும் சொல்லப்படுகிறது; அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

தொற்றுக்குப் பிறகு ஐ.பி.எஸ். வரும் என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி கனடாவில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் ஒன்டாரியோ மாகாணத்தின் வாக்கர்டன் என்ற சிற்றூரில், கனமழையில் மாட்டுச் சாணம் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. ஈ.கோலை, கேம்பைலோபாக்டர் என்ற இரு கிருமிகள் தண்ணீர்க் குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். தொற்று வராதவர்களிலும் வேறு காரணங்களால் 10 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. மருத்துவ விவரங்களின்படி தொற்று வந்தவர்களில் அது 36 சதவீதம். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பலருக்குக் குணமாகியிருந்தது, என்றாலும் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தொல்லை நீடித்தது. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே வாரம். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மனக்கவலை வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் மார்க் பிமென்டல் குழுவினர் இந்த இடத்திலிருந்துதான் தேடினார்கள். கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் சி.டி.டி.பி. என்ற நச்சுப் புரதத்தைச் சுரக்கின்றன. உடல் அதை எதிர்க்க ஆன்டிபாடி தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடி சிலரிடம் வின்குலின் என்ற நம் சொந்தப் புரதத்தையும் எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. குடலை இயக்கும் நரம்புகளிலும், அசைவுக்குத் தாளம் கொடுக்கும் செல்களிலும் வின்குலின் இருக்கிறது. அவை நலிந்தால், வெறும் வயிற்றில் சிறுகுடலைப் பெருக்கித் தள்ளும் அலை தளர்ந்து, அங்கே பாக்டீரியா பெருகும் என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். விலங்குச் சோதனைகள் இதை ஆதரிக்கின்றன. மனிதர்களில் ஒவ்வொரு படியும் நிரூபணமாகிவிடவில்லை.

இந்த இரண்டு ஆன்டிபாடிகளையும் ரத்தத்தில் அளப்பதுதான் அந்தப் பரிசோதனை. 2015இல் வெளியான ஆய்வில், பேதி மிகுந்த ஐ.பி.எஸ். உள்ளவர்கள் 2,375 பேரை, குடல் அழற்சி நோயாளிகளுடனும் ஆரோக்கியமானவர்களுடனும் ஒப்பிட்டார்கள். குடல் அழற்சி நோயாளிகளில் சுமார் 92 சதவீதம் பேருக்கு சி.டி.டி.பி. ஆன்டிபாடி குறிப்பிட்ட அளவைத் தாண்டவில்லை; ஆகவே அது தாண்டியிருந்தால், குடல் அழற்சி நோயைவிட ஐ.பி.எஸ். ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஐ.பி.எஸ். இருந்தவர்களிலேயே 44 சதவீதம் பேருக்குத்தான் அது அந்த அளவைத் தாண்டியது. வின்குலின் ஆன்டிபாடி மூன்றில் ஒரு பங்கினரைத்தான் காட்டியது. ஆகவே "நெகட்டிவ்" என்று தாள் வந்தால் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று பொருள் கொள்ளவே கூடாது. மலச்சிக்கல் மிகுந்த வகைக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயிலிருந்து பிரித்துக் காட்டுவதிலும் இது பலவீனமே. 2019இல் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம், இந்த ரத்தப் பரிசோதனைகளை வைத்து ஐ.பி.எஸ். என்று முடிவுகட்டப் பரிந்துரை தர முடியாது என்று தன் வழிகாட்டுதலில் எழுதியது.

நம் ஊருக்கு எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. டைபாய்டுக்கான விடால் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். எப்போதோ வந்துபோன தொற்றின் ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கியிருக்க, இன்றைய காய்ச்சலுக்கு டைபாய்டு மருந்து எழுதப்படுவதை நாம் காண்கிறோம். சிறு வயதிலிருந்தே குடல் தொற்றுகள் வந்துபோகும் மக்களிடம், மேலை நாட்டாரை வைத்து வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே பொருத்துவது சரியல்ல.

நான் முதலில் எழுதித் தருவது வேறு: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, சீலியாக் ஆன்டிபாடி, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனை, கூடவே மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு. குடலில் அழற்சி இருக்கிறதா என்பதைக் கடைசியாகச் சொன்னது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். எடை குறைவது, மலத்தில் ரத்தம், மாலைக் காய்ச்சல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்ற சொல்லையே ஒதுக்கிவைத்துவிட்டுக் குடல் காசநோயையும் கிரோன் என்ற குடல் அழற்சி நோயையும் தேட வேண்டும். அவர்களுக்கு ஆன்டிபாடி பரிசோதனையில் செலவாகும் பணமும் வாரங்களும் வீண்.

ஆன்டிபாடி இருக்கிறது என்று தெரிந்தாலும் சிகிச்சை பெரிதாக மாறிவிடாது. உணவு மாற்றம், வலிக்கும் பேதிக்குமான மருந்துகள், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் கால அளவுக்கு ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக் என்று அதே வழிதான். கூடுதலாக நான் வலியுறுத்துவது, மறுபடி ஒரு தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை. கேம்பைலோபாக்டர் பெரும்பாலும் பச்சைக் கோழிக்கறியில் ஒட்டி வருகிறது. கறியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் நீர் தெறித்துச் சுற்றிலும் கிருமி பரவும். பாத்திரத்தில் நீர் எடுத்து மெதுவாகக் கழுவி, தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். கோழி வெட்டிய பலகையிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்காதீர்கள்.