பாட்டு முடிந்ததும் என்ன செய்கிறான்?

"ஹெட்போனைப் பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன் மேடம். சரிதானே?"

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து வந்த அந்த அம்மா, நாற்காலியில் உட்காரும் முன்பே இதைக் கேட்டுவிட்டார். மகனுக்கு 19 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. யாரோ ஒருத்தர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முனகுகிறாராம். அதையே இரவு இரண்டு மணிவரை கேட்டுக்கொண்டு கிடக்கிறானாம். "இழவு வீடு மாதிரி இருக்கு. நல்ல பாட்டா நாலு கேட்டா என்ன?"

மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இது பழகிய கேள்விதான். பெற்றோர் யாரும் தங்களை அடையாளம் கண்டு சங்கடப்பட வேண்டாம் என்பதற்காக இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகன் என்ன கேட்கிறான், எத்தனை மணிவரை கேட்கிறான் என்றெல்லாம் அந்த அம்மா துல்லியமாகச் சொன்னார். "பாட்டு முடிஞ்சதும் என்ன செய்யிறான்?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். தெரியவில்லை.

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சின்ன அறை ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே ஏழெட்டுப் பேர் கூடி, ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பேசாமல் கேட்போம். பிறகு பேசுவோம். சென்ற முறை ஒலித்தது அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2015இல் வெளியிட்ட 'கேரி அண்ட் லோவல்'. கேரி அவருடைய அம்மா. மனநோயும் போதைப் பழக்கமுமாக இருந்தவர்; பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே விட்டுப் போனவர்; 2012 டிசம்பரில் இறந்தார். லோவல், அம்மாவின் இரண்டாவது கணவர். பதினொரு பாட்டு, முக்கால் மணி நேரம். தாளம் போட இடமே கிடையாது. கிசுகிசுப்பான குரல், மேலே இன்னொரு அடுக்காக அதே குரல். ஹெட்போனில் கேட்டால் யாரோ காதோடு வாய் வைத்துச் சொல்வது போலிருக்கும். சாவை விரும்பும் மனநிலையைத் தொடும் வரிகளும் அதில் இருப்பதால், தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட்டேன். எழுந்து போக நினைப்பவர் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பாட்டிலேயே தாதி ஒருவர் அழ ஆரம்பித்தார். மறைக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். முடிந்ததும் இரண்டு கறிபஃப் சாப்பிட்டார். "அம்மாகிட்டப் பேசி மூணு வாரம் ஆச்சு" என்றபடி தாழ்வாரத்துக்குப் போய் ஈப்போவுக்கு போன் போட்டார். ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கே, எப்ப முடியும்?" அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. சலிப்பதால் ஒருவர் ஈரமில்லாதவர் ஆகிவிடமாட்டார். தேசிய சேவையில் இருக்கும் தம்பிக்குக் கோபம். பிள்ளையை விட்டுப்போன அம்மாவை எதற்கு மன்னிக்க வேண்டுமாம்.

ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத பாட்டி ஒருவரும் பேத்தியோடு வந்திருந்தார். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு என்னிடம் கேட்டார்: "செத்தவள இவன் திட்டுறானா, கூப்பிடுறானா?"

"ரெண்டும்தான் பாட்டி."

"அப்ப ஒப்பாரிதான். இதுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கம்?"

அன்று நான் பேசியதையெல்லாம் அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். திட்டிக்கொண்டே கூப்பிடவும், கூப்பிட்டுக்கொண்டே திட்டவும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டிப்பிடித்து அழ நாலு பேரும் கூட இருந்தார்கள். இன்று அதே வேலையைப் பிள்ளைகள் தனியே, காதில் செருகிக்கொண்டு, எம்ஆர்டி ரயிலில் நின்றபடி செய்கிறார்கள்.

ஆனால் நான் குறித்துக்கொண்டது இவர்கள் யாரையும் அல்ல. கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் கடைசியில் சொன்னதை: "எனக்கு ஒண்ணுமே தோணல. முன்னெல்லாம் இதே ஆல்பத்தைக் கேட்டா அழுதிடுவேன்." சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அழுதவரைச் சுற்றி ஐந்து பேர் டிஷ்யூவோடு நின்றார்கள், இவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்த ஒன்று எதையும் கிளப்பாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடிப்பது: மனச்சோர்வைப் பற்றி மருத்துவர் கேட்கும் கேள்விகளில் இவை உண்டு. ஒருநாள் அசதியாகவும் இருக்கலாம். அன்று எல்லாரும் போன பிறகு அவளோடு தனியாகப் பேசினேன். தூக்கம் கெட்டு ஒரு மாதமாகியிருந்தது.

சோகப் பாட்டு ஆளைச் சோகத்தில் தள்ளிவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகள் அவ்வளவு எளிதாகத் தலையாட்டுவதில்லை. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 772 பேரிடம் கேட்டபோது, சோக இசை கிளப்பும் உணர்வாக அவர்கள் அதிகம் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவின் ஏக்கத்தை. மனச்சோர்வு உள்ளவர்கள் சோக இசையை அதிகம் தேர்ந்தெடுப்பதாக 2015இல் ஓர் ஆய்வு சொன்னதும், பார்த்தீர்களா, துக்கத்தைத் தக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். 2020இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து காரணத்தையும் கேட்டது. அந்த இசை மனத்தை அமைதிப்படுத்துகிறது என்பதே பதில்.

அதற்காகக் கண்டுகொள்ளாமலும் இருந்துவிட முடியாது. ஒரே இசை ஒருவருக்கு வடிகால், இன்னொருவருக்குச் சுற்றிச் சுற்றி வரும் செக்கு. தாதிக்கு அது போனை எடுக்கும் தெம்பைக் கொடுத்தது. சிலருக்கோ 'நான்தான் காரணம், நான்தான் காரணம்' என்ற நினைப்புக்கு அது பின்னணி இசையாகிவிடுகிறது. வேறுபாடு பாட்டில் இல்லை, கேட்டு முடித்த அரை மணி நேரத்தில் இருக்கிறது.

வேலைக்கு வந்த புதிதில் நானும் அந்த அம்மாவைப் போலத்தான் இருந்தேன். சோகப் பாட்டையே கேட்கும் ஒரு மாணவிக்கு உற்சாகமான பாட்டுகளாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன், பெருமையோடு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. 1940களிலேயே ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொல்லிவைத்தது இது: முதலில் நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசை, பிறகுதான் மெல்ல மெல்ல மாற்றம். நான் முதல் படியைத் தாண்டிக் குதித்திருந்தேன்.

இப்போது வேறொன்று செய்கிறேன். அழுகை பிறக்கத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. பிள்ளைகளிடம் இந்தச் சொற்களைச் சொல்லமாட்டேன், ஆனால் என் கேள்விகள் இந்த நான்கைச் சுற்றியே போகும். ஈசூன் தம்பியின் வீட்டில் யாரும் இறக்கவில்லை, காதலும் இல்லை. முட்டியில் அடிபட்டுக் கால்பந்துக் குழுவிலிருந்து விலகியிருந்தான். குழுவின் வாட்ஸ்அப்பில் இன்னமும் இருக்கிறான், யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. அவன் திரும்பத் திரும்பக் கேட்டதும் இதே 'கேரி அண்ட் லோவல்'தான்; அதிலும் முழு ஆல்பத்தைக்கூட அல்ல, நான்காவது பாட்டை மட்டும்.

அவனிடம் நேராகவே கேட்டேன்: "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். விதைப்பதில்லை, பேச வழி கிடைத்தது என்று பெருமூச்சு விடுபவர்களே அதிகம். அவனுக்குத் தோன்றியதில்லை. 'தோணியிருக்கு' என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். போலிஸ் வழக்காகிவிடுமோ என்று மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். வாயைத் திறந்து பேச முடியாதவர்கள் 9151 1767க்கு வாட்ஸ்அப் அனுப்பலாம். தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் எண் 6389 2222. உயிருக்கு ஆபத்தென்றால் 995.

அந்த அம்மாவிடம் ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்: ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அறிவுரை எதுவும் சொல்லாமல், அந்த ஆல்பத்தை முழுக்கக் கேளுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி மட்டும் வந்தான். "அம்மா கேட்டாங்களா?"

"மூணாவது பாட்டுல தூங்கிட்டாங்க மேடம். என் தோள்ல சாஞ்சு, குறட்டை வேற." சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "அவங்களை எழுப்பக் கூடாதேன்னு கையை அசைக்காம உக்காந்திருந்தேன். அப்படியே கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடிருச்சு."