சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

ஹேக்கர்கள் புக வழியிருக்கிறதா என்று ஓர் ஆலையைச் சோதிக்கப் போனால் நான் முதலில் தேடுவது, இயந்திரங்களை இயக்கும் கணினியான கன்ட்ரோலரில் இருக்கும் சின்னச் சாவியைத்தான். அது 'ரன்' பக்கம் இருந்தால் உள்ளே இருக்கும் நிரலில் கைவைக்க முடியாது. 'புரோகிராம்' பக்கம் இருந்தால் நெட்வொர்க் வழியாகவே மாற்றலாம். பாதி இடங்களில் 'புரோகிராம்' பக்கம்தான் இருக்கும். கேட்டால், "ஒவ்வொரு தடவையும் யார் சார் எழுந்து போய்த் திருப்புறது?" என்பார்கள்.

2017இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் சாவி அப்படித்தான் இருந்தது. உள்ளே புகுந்தவர்கள் கைவைத்தது, ஆபத்து வந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் ட்ரைகானெக்ஸ் கருவியில். நல்லவேளை, அவர்கள் வேலையில் எங்கோ பிசகியது. கருவி ஆலையையே நிறுத்திவிட்டது, குட்டு உடைந்தது.

"ஹேக் செய்தால் பணம் போகும், உயிருமா போகும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2007இல் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் நடத்திய சோதனையை. 27 டன் டீசல் ஜெனரேட்டர். வெடிமருந்து எதுவும் இல்லை. மின் இணைப்பைத் துண்டிக்கவும் சேர்க்கவும் உதவும் பெரிய சுவிட்சான பிரேக்கரைத் திறந்து (அதாவது துண்டித்து), மின்கட்டத்தோடு ஜெனரேட்டரின் ஓட்டம் ஒத்துப்போகாத நேரம் பார்த்து மூடச் சொல்லும் (அதாவது மறுபடி இணைக்கச் சொல்லும்) கட்டளை மட்டும்தான். அத்தனை பெரிய இயந்திரம் உதறியது, துண்டுகள் தெறித்தன, கடைசியில் புகை கக்கி நின்றது. ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் புகுந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் இன்னும் நயவஞ்சகம்: யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குகளின் வேகத்தைக் குலைத்துக்கொண்டே, ஆபரேட்டரின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது.

அதற்காக, எவனோ ஒரு பொத்தானை அழுத்தி ஊரையே கொளுத்திவிடுவான் என்று நான் நம்பவில்லை. அந்த ஆலையின் குழாய், வால்வு எல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தால்தான் பெரிய சேதம் செய்ய முடியும். அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். 2015 டிசம்பரில் உக்ரைனின் மின் நிறுவனங்களில் ஹேக்கர்கள் புகுந்தபோது, ஆபரேட்டர்களின் கண்ணெதிரே திரையில் மவுஸ் குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு ஓடி, பிரேக்கர்களைக் கையாலேயே மூடினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. கையால் இயக்கும் வசதி இல்லாதிருந்தால்?

அண்மையில் ஓர் ஆலையில் ஷிஃப்ட் ஆபரேட்டரிடம், "திரை பொய் சொல்கிறது என்று தெரிந்தால் எந்த வால்வைக் கையால் மூடுவீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அழைத்துப்போய்க் காட்டினார். துருப்பிடித்த சக்கரம். இரண்டு பேர் சேர்ந்து திருப்பியும் அசையவில்லை.