மெரிட்டோகிரசி: தகுதியாட்சியா, திறமையாட்சியா?

"பையனுக்கு மெரிட்ல கிடைச்சுதா?" என்று கல்யாண வீட்டில் ஒருவர் கேட்டால், நன்கொடை எதுவும் கொடுக்காமல் காலேஜ் சீட் கிடைத்ததா என்று பொருள். அதே சொல் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போனால் அர்த்தம் மாறிவிடும். அங்கே மெரிட்டுக்கு எதிர்ச்சொல் பணம் அல்ல, இடஒதுக்கீடு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சங்களைக் கட்டிச் சேர்ந்தவர்களைப் பற்றி அந்த விவாதங்களில் அதிகம் பேச்சு வராது என்பது தனிக்கதை.

இந்த மெரிட்டிலிருந்து வந்ததுதான் மெரிட்டோகிரசி. பிறப்பையோ பணத்தையோ பார்க்காமல், அவரவர் தகுதியைப் பார்த்துப் பதவியும் வருமானமும் மதிப்பும் தரும் சமூக அமைப்பு என்பது அகராதிப் பொருள். முன்பாதி லத்தீன்: ஒருவர் ஈட்டியது, அவருக்கு உரியது. பின்பாதி கிரேக்கம்: ஆட்சி. டெமாக்ரசி, அரிஸ்டாக்ரசி இரண்டும் முழுக் கிரேக்கம். இது மட்டும் கலப்பு. இப்படி இரு மொழியை ஒட்டவைத்தால் ஊர் சிரிக்கும் என்று செவ்வியல் மொழி படித்த தோழி ஒருவர் எச்சரித்ததாக, இந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய மைக்கேல் யங் பின்னாளில் எழுதினார். ஊர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்திலும் சிரிக்கவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

பிரிட்டிஷ் சமூகவியலாளரான யங், 1945 தேர்தலுக்குத் தொழிற்கட்சியின் அறிக்கையை எழுதியவர். இந்தச் சொல்லை 1956இலேயே ஆலன் ஃபாக்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் கையாண்டிருக்கிறார். ஆனாலும் அதை உலகமெங்கும் கொண்டுபோனது 1958இல் வெளியான யங்கின் 'த ரைஸ் ஆஃப் த மெரிட்டோகிரசி'. அது ஆய்வுநூல் மாதிரி வேஷம் போட்ட அங்கதக் கதை. கதை நடப்பது 2034இல். அறிவுத்திறனோடு முயற்சியைக் கூட்டினால் தகுதி என்று ஒரு சூத்திரம் வைத்து, அதன்படி எல்லோரையும் அளந்து உட்காரவைத்துவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்குத் தாங்கள் அங்கே இருப்பது முற்றிலும் நியாயம் என்ற நினைப்பு. கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. கடைசியில் கலகம் வெடிக்கிறது. அந்த அமைப்பைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த கதைசொல்லியே அதில் செத்துப்போகிறார். அந்தச் செய்தி ஓர் அடிக்குறிப்பில் வருகிறது.

யங்கின் மனதில் இருந்தது அவர் நாட்டுப் பள்ளிக்கூடம். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு 'லெவன் பிளஸ்' என்ற தேர்வு வைத்தார்கள். தேறியவர்களுக்கு கிராமர் ஸ்கூல், அங்கிருந்து பல்கலைக்கழகம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு செகண்டரி மாடர்ன் பள்ளி, அப்புறம் கைவேலை. பரம்பரைப் பணக்காரன் தன் நிலைக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லலாம், ஏழையும் அதையே சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பரீட்சையில் தோற்றவனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

கல்விச் சமூகவியலில் பெரிய சண்டை இந்த இடத்தில்தான். சமூகத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பயன் உண்டு என்று பார்ப்பவர்கள் செயற்பாட்டியலாளர்கள். டால்காட் பார்சன்ஸ் போன்ற அவர்களுக்குப் பள்ளி ஒரு சல்லடை. எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்து, யார் எந்த வேலைக்குப் பொருத்தம் என்று சலித்துத் தருவது அதன் வேலை. பிரான்ஸின் பியர் பூர்தியூ கேட்டது வேறு: சல்லடையின் ஓட்டையை யார் அளவுக்குப் போட்டார்கள்? படித்த குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொள்ளும் பேச்சு, புத்தகப் பழக்கம், கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் தோரணை இவற்றுக்குத்தான் பள்ளி மதிப்பெண் போடுகிறது. போட்டுவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறது என்றார். பண்பாட்டு மூலதனம் என்ற அவருடைய கருத்தின் சாரம் இது. அமெரிக்காவின் பவுல்ஸும் கின்டிஸும் 1976இல் இன்னும் கடுமையாகவே எழுதினார்கள்: தகுதிக்கேற்ற பலன் என்ற நம்பிக்கையை ஊட்டி ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துவதே பள்ளியின் வேலை. எனக்குப் பூர்தியூ பக்கம்தான் சாய்வு. நம் ஊரில் முதல் தலைமுறைப் பட்டதாரி யாரையாவது கேட்டால், பூர்தியூவின் புத்தகத்தைப் படிக்காமலே பூர்தியூ சொன்னதைச் சொல்லிவிடுவார்.

யங்கின் எச்சரிக்கை பாராட்டுச் சொல்லாக மாறியது பெரிய வேடிக்கை. அரசியல்வாதிகள் 'மெரிட்டோகிரசியைக் கொண்டுவருவோம்' என்று மேடையில் முழங்கினார்கள். 2001இல் யங் பத்திரிகையில் எழுதி, பிரதமர் டோனி பிளேர் இந்தச் சொல்லைக் கைவிட்டால் நல்லது என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் யங் இறந்தார். சொல் இன்னும் மேடையில்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திறமையாட்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். யங்கின் சூத்திரத்தில் இருக்கும் முயற்சி அதில் விழுந்துவிடுகிறது. 'தகுதியாட்சி' மேல். முடியாட்சி, மக்களாட்சி வரிசையில் காதுக்கும் இடறாது. ஒரு சிக்கல், தகுதி என்றதும் நமக்குக் கல்வித் தகுதியும் ஆசிரியர் தகுதித் தேர்வும் நினைவுக்கு வரும். அவை வெறும் குறைந்தபட்ச நிபந்தனை. ஆனால் சொல்லின் பழைய பொருள் கனமானது. 'தகுதி எனவொன்று நன்றே' என்று தொடங்கும் 111ஆம் குறள் நடுவு நிலைமை அதிகாரத்தின் முதல் குறள். அங்கே தகுதி என்றால் அளக்கப்படுகிறவனின் மதிப்பெண் அல்ல, அளக்கிறவனின் நடுநிலை. இந்தப் பொருளும் உள்ளே கிடப்பதால்தான் தகுதியாட்சி என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

முறையைச் சொல்லும்போது தகுதியாட்சி, அதனால் மேலே வந்த கூட்டத்தைச் சொல்லும்போது தகுதியாளர் வர்க்கம் என்று பிரித்து எழுதலாம். யங் இரண்டுக்குமே மெரிட்டோகிரசி என்றுதான் எழுதினார். மெரிட் லிஸ்ட்டுக்கு இது வேண்டாம். பத்திரிகைகள் எழுதும் 'தரவரிசைப் பட்டியல்' போதும். தமிழ்நாட்டுச் சேர்க்கையில் 69 சதவீத இடஒதுக்கீட்டு இடங்களும் அந்தந்தப் பிரிவுக்குள் தரவரிசைப்படிதான் நிரம்புகின்றன. மீதி 31 சதவீதத்துக்குப் பெயர் ஓ.சி., அதாவது பொதுப் போட்டி. எந்தச் சாதிப் பிள்ளையும் மதிப்பெண் இருந்தால் அதில் இடம் பெறலாம். அதையும் சாதிப் பெயர் மாதிரி 'நாங்க ஓ.சி.' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.