குதிக்கால் வலிக்கு எலும்பைக் குறை சொல்லாதீர்கள்

காலமை எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறின மாதிரி ஒரு குத்து. நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவதற்குள் கொஞ்சம் இளகிவிடும், பிறகு வேலையோடு வேலையாக மறந்தும் போகும், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரை மணித்தியாலம் இருந்து எழும்பினால் திரும்பவும் அதே குத்து. கிளிநொச்சிப் பக்கம் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிற என்னால், நோயாளி இந்தக் கதையைப் பாதி சொல்லும்போதே மிச்சத்தைச் சொல்லிவிட முடியும், அவ்வளவு பேர் வருகிறார்கள். நாற்பதைத் தாண்டிய அம்மாமார்தான் கூட. அடுத்தது நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற ரீச்சர்மார், கார்மென்ட்ஸுக்குப் போகிற பிள்ளைகள், முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவர்கள், ஏ9 வீதியோரம் கடை போட்டு நிற்கிறவர்கள்.

பாதிப் பேருக்கு வரும்போதே கையில் ஒரு எக்ஸ்ரே இருக்கும். “எலும்பு வளர்ந்திருக்காம் தம்பி, வெட்டி எடுக்க வேணுமோ?” இதுதான் முதல் கேள்வி. படத்தில் குதி எலும்பின் அடியில் சின்னதாக ஒரு முள் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பது உண்மைதான். ஆனால் அதுதான் குத்துகிறது என்று நினைப்பது பிழை. வலியே இல்லாமல் ஓடித்திரிகிற பலருக்கும் அந்த முள் இருக்கிறது, வலி முற்றாக மாறின ஆளுக்குத் திரும்பப் படம் எடுத்தாலும் முள் அங்கேயேதான் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து நடக்கிறதையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. நடக்காமல் விட்டால் கால் பலம் குறையும், உடம்பு ஏறும், இரண்டும் சேர்ந்து வலியைத்தான் கூட்டும்.

உண்மையில் நடப்பது வேறு. குதி எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடி வரைக்கும் உள்ளங்காலில் அகலமான, தடித்த ஒரு சவ்வு ஓடுகிறது. பெருவிரலைக் கையால் பின்னுக்கு மடக்கிப்பிடித்து மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள், விண்ணென்று இறுகி நிற்கும், அதுதான். நாம் வைக்கிற ஒவ்வொரு அடியிலும் உடம்புப் பாரத்தைத் தாங்கி காலின் வளைவைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. தாங்கக்கூடியதற்கு மேலாகப் பாரமோ நிற்கும் நேரமோ கூடினால், குதி எலும்போடு அது ஒட்டுகிற இடம் சேதமாகி நாள்பட நாள்பட நைந்து தடிக்கிறது. இரவு படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குவதால் அந்தச் சவ்வும் கெண்டைக்காலும் சுருங்கியபடியே கிடக்கின்றன, காலையில் முதல் அடியில் ஒரேயடியாக இழுபடுகின்றன. அந்த முதல் குத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஏன் இப்போது கூடியிருக்கிறது என்று கேட்டால், என் கணிப்பில் தரை ஒரு காரணம். முந்தி மண் தரை, சாணி மெழுகின திண்ணை. மீள்குடியேறின பிறகு வீட்டுத்திட்டத்தில் சீமெந்துத் தரை வந்தது, இப்போது வெளிநாட்டுக் காசில் மாபிள் பதிக்காத வீட்டைக் காண்பது குறைவு. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது. ஆனால் நாங்கள் வீட்டுக்குள் செருப்புப் போடுகிற சனம் இல்லையே. விடிய நாலரைக்கு எழும்புகிற அம்மா, புட்டு அவித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வீடு கூட்டித் துடைத்து முடிக்கும் வரைக்கும் மூன்று நான்கு மணித்தியாலம் வெறுங்காலோடு அந்தக் கல்லில்தான் நிற்கிறா. வெளியில் போகும்போது போடுகிற பாட்டாவோ, குதிப்பக்கம் கடதாசி அளவுக்குத் தேய்ந்து போயிருக்கும். வயலுக்குப் போகிறவர்களுக்கு வரம்பில் நடப்பதை விட, அறுவடை முடிந்து நெல்லுக் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் நிற்கிற நாட்களில்தான் வலி கூடுகிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது வீட்டுக்குள் போட ஒரு தனிச் செருப்பு. வெளியில் போடாத, கழுவித் துடைத்த செருப்பென்றால் சாமி அறைக்கு வெளியே கழற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பாவிக்கலாம், மாமி ஏதும் சொன்னால் டொக்டர் சொன்னது என்று சொல்லுங்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும், முதல் அடியே அதில்தான். விலை கூடினது தேவையில்லை. குதிப்பக்கம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரம், அமத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அடி, கையில் எடுத்து மடக்கினால் விரல் பக்கத்தில் மட்டும் மடிய வேண்டும். நடுவில் துணிபோல மடிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சப்பாத்துப் போடுகிறவர்கள் பாமசியில் கிடைக்கிற சிலிக்கன் குதி மெத்தையை இரண்டு காலுக்கும் வைக்கலாம்.

சரி, ஓய்வு? “ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்கோ” என்று சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் நாட்கூலிக்குப் போகிற அக்காவுக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை, அதோடு முழு ஓய்வு இந்த வருத்தத்தைக் குணப்படுத்துவதும் இல்லை. நிற்கிற நேரத்தைத் துண்டு துண்டாக்குங்கள், மரக்கறி வெட்டுகிறதையும் தேங்காய் துருவுகிறதையும் கதிரையில் இருந்து செய்யுங்கள். பாரம் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்தை இரண்டு நடையாக்குங்கள். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அளவுகோல் அடுத்த நாள் காலை முதல் அடிதான். நேற்றையதை விடக் கூடக் குத்தினால் நேற்றுச் செய்தது கூடிப்போச்சு, அதே அளவென்றால் பயமில்லை, தொடரலாம்.

இனி மருந்து என்று நான் நினைக்கிற விஷயம், அதாவது பயிற்சி. கட்டிலை விட்டு இறங்க முன்னமே, நோகிற காலைத் தூக்கி மற்றத் தொடையில் வைத்து, விரல்கள் அஞ்சையும் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். உள்ளங்காலில் அந்தச் சவ்வு இறுகுவது மற்றக் கைப் பெருவிரலுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நீங்கள் இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்துத் தரம். இதை நாளைக்கு மூன்று வேளை செய்ய வேண்டும், அதில் ஒன்று கட்டாயம் முதல் அடிக்கு முன். சுவரில் கை ஊன்றி, நோகிற காலைப் பின்னுக்கு வைத்து, குதி நிலத்தை விட்டுக் கிளம்பாமல் கெண்டைக்காலை இழுக்கிறது இரண்டாவது, அரை நிமிடம் வீதம் இரண்டு மூன்று தரம்.

இதோடு நின்றுவிடாதீர்கள், அடுத்ததில்தான் பலம் இருக்கிறது. வாசற்படியில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன் மேல் ஏறி மேல்நோக்கி மடங்கியிருக்க, குதி படிக்கு வெளியே தொங்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மூன்று எண்ணி மெல்ல ஏறுங்கள், மேலே இரண்டு எண்ணும் வரை நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில் தொடங்கலாம். பன்னிரண்டு தரம் ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு கிழமை போனதும் பிள்ளையின் பழைய புத்தகப் பையில் அரிசியோ புத்தகமோ போட்டு முதுகில் கொழுவிக்கொண்டு பத்துத் தரம், நாலு சுற்று. இன்னும் இரண்டு கிழமை போனால் பாரத்தை இன்னும் கூட்டி எட்டுத் தரம், அஞ்சு சுற்று. செய்யும்போது தாங்கக்கூடிய வலி வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வில், வெறும் இழுவைப் பயிற்சி செய்தவர்களை விட இப்படிப் பாரம் ஏற்றிச் செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பகுதியும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று மாதத்தில் தேறுவதும் ஒரு வருடம் இழுபடுவதும் வயலுக்குப் போகிற ஆளுக்கு ஒன்றில்லை, ஆகவே நான் படிப்பயிற்சியின் பக்கம்தான்.

கைவைத்தியத்துக்கு நான் எதிரியில்லை. செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை விரித்து அதில் குதியை வைத்து எடுப்பது ஊரெல்லாம் நடக்கிறது, சூட்டில் சுகமாகத்தான் இருக்கும், வலியைக் கொஞ்ச நேரம் மறக்கலாம். சலரோகம் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். காலில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாது, தோல் வெந்தது அடுத்த நாள் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அப்புறம் அது புண்ணாகி விரலையோ காலையோ எடுக்கிற வரைக்கும் போகலாம். ஐஸ் போத்தலை உருட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மற்றது பாமசியில் கேட்டு வாங்கிப் போடுகிற வலிக் குளிசை. நாள்பட்ட குதிக்கால் வலியில் அழற்சி என்பது குறைவு, நைவுதான் கூட, அதனால் டைக்ளோபினாக் மாதக் கணக்கில் விழுங்கினாலும் பெரிய பலன் இல்லை. சிறுநீரகம் போவதுதான் மிச்சம். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில இடங்களில் ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை, தெரியாமல் போட்ட குளிசையால் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டாம். குதியில் போடுகிற ஸ்டீரொய்ட் ஊசி சில கிழமைக்கு நல்ல சுகம் தரும், பிறகு வலி திரும்பி வருவது சகஜம். அடிக்கடி போட்டால் குதியில் இருக்கிற கொழுப்பு மெத்தை கரையலாம், அரிதாகச் சவ்வே அறுந்தும் போகலாம், சீனியும் ஏறும். வேறு எதற்கும் அசையாத வலிக்கு வைத்தியர் பார்த்து ஒருதரம் போடுவது வேறு, “ஊசி போட்டு விடுங்கோ, நாளைக்கு வயலுக்குப் போகோணும்” என்று கேட்டு வாங்குவது வேறு.

வன்னியில் வேலை செய்கிறவன் என்ற வகையில் இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மிதிவெடியிலோ செல்லிலோ ஒரு காலை இழந்து, மிஞ்சின காலில் குதிக்கால் வலியோடு வருகிறவர்கள். பொய்க்கால் போட்டு நடக்கிறவருக்கு நல்ல காலில் எப்போதும் கூடுதல் பாரம், அது தெரிந்த விஷயம். ஆனால் கேட்டுப் பார்த்தால் பலரும் இரவில் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, கக்கூசுக்குப் போக ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திப் போகிறார்கள், விடிய எழும்பினாலும் அப்படித்தான். சுருங்கிக் கிடக்கிற சவ்வில், வெறுங்காலோடு, முழு உடம்புப் பாரமும் ஒரு துள்ளலில் விழுகிறது. கட்டிலோடு ஒரு சோடி ஊன்றுகோலும் ஒரு மெத்தைச் செருப்பும் வைத்ததிலேயே பெரிய மாற்றம் கண்டவர்கள் இருக்கிறார்கள். பொய்க்கால் உயரம் குறைந்திருக்கிறதா, மிச்சக் காலை நுழைக்கிற குழி தளர்ந்து போயிற்றா என்று செய்து தந்த இடத்தில் கட்டாயம் காட்டுங்கள். காலுக்குள் செல் துண்டு இருக்கிறவர்கள், எம்ஆர்ஐ (காந்தத்தால் எடுக்கிற படம்) எடுக்கச் சொன்னால் அதை முதலே சொல்லிவிட வேண்டும், காயம் ஆறிப் பத்துப் பதினைந்து வருடம் ஆனாலும் சரி.

எல்லாக் குதிக்கால் வலியும் இந்தச் சவ்வு வலி இல்லை. இளவயதில் இரண்டு குதியும் சேர்ந்து நொந்து, காலையில் முதுகும் நாரியும் விறைத்துப் பிடித்து அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாவிட்டால் அது வாத நோயாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும். சிக்குன்குனியா வந்து போன பிறகு மூட்டுகளோடு குதியும் மாதக் கணக்கில் நோகலாம். எரிவும் விறைப்பும் ஊர்வது போன்ற உணர்வும் என்றால் நரம்பு. குதியை இரண்டு பக்கமும் கையால் அமத்தும்போது உயிர் போகிற வலி, அதுவும் புதிதாக நெடுந்தூரம் நடக்கத் தொடங்கின பிறகு என்றால் எலும்பில் வெடிப்பா என்று பார்க்க வேண்டும். செல்வச்சந்நிதியில் இருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கப் புறப்படுகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள், முருகன் கோபிக்க மாட்டார், இரண்டு மாதத்துக்கு முன்னமே கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுங்கள். படுத்திருக்கும்போதும் நோகிறது, வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருக்கிறது, அல்லது சலரோகக் காலில் புண் இருக்கிறது என்றால் பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்? பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல், வெட்டாமல் கொத்தாமல், ஓராண்டுக்குள் மாறிவிடுகிறது. ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு ஆறு கிழமையில் காலை வலி குறையத் தொடங்கும், மூன்று மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். இடையில் ஒரு கலியாண வீடு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு ஒருநாள் முழுக்க நின்றது என்று வலி திரும்பிக் கொஞ்சம் ஏறும், அதைப் பார்த்து எல்லாம் பழையபடி போச்சு என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி ஏறினால் இரண்டு மூன்று நாள் பாரத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

மூன்று மாதம் செய்தும் அசையவில்லை என்றால் மாவட்ட வைத்தியசாலையில் காட்டி இயன்மருத்துவப் பிரிவுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது கிளினிக் கொப்பியோடு, தினமும் போடுகிற செருப்பையும் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆசுபத்திரிக்கு என்று எல்லாரும் புதுச் செருப்பில்தான் வருகிறார்கள், எனக்குப் பார்க்க வேண்டியது அந்தத் தேய்ந்ததை.