செய்தி எடுப்பது தியானம் ஆகாது

சேலம் வட்டாரச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் பேசும் வாலிபருக்கும் பயிற்சி கொடுத்துவரும் ஆயர் என்ற முறையில், இதை எழுதாமல் இனியும் இருக்க என்னால் முடியவில்லை. அண்மையில் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு சகோதரர் மன்னிப்பைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசினார். பாகப்பிரிவினைத் தகராறுக்குப்பின் அவர் முகங்கொடுத்தும் பேசாத அவருடைய சொந்த அண்ணி அதே கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி நடப்பது இது முதல்முறை அல்ல.

இவர்களிடம் தனிப்பட்ட வேத வாசிப்பைப் பற்றி விசாரித்தால், "செய்தி எடுப்பதற்காக வாசிக்கிறேனே, ஐயா" என்கிறார்கள். இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்துகிறது. செய்தி எடுக்க, அதாவது கூட்டத்தில் பேசப் பிரசங்கம் தயாரிக்க, உட்காருகிறவர் இந்த வசனம் யாருக்குப் பொருந்தும், மூன்று குறிப்புகளாக எப்படிப் பிரிக்கலாம், எந்தச் சாட்சியைச் சேர்க்கலாம் என்றே தேடுகிறார். தம்மைக் குத்தும் வசனம் வந்தாலும், தம் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அடுத்த வீட்டில் கொடுத்துவிடும் தபால்காரரைப் போல, அதைச் சபைக்கென்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். ஆண்டுக்கணக்கில் இப்படி வாசித்தாலும் அது தியானம் ஆகாது. தியானத்தில் கேள்வி ஒன்றுதான்: ஆண்டவர் இன்று என்னை என்ன செய்யச் சொல்லுகிறார்?

எஸ்றா 7:10-இல் உள்ள வரிசையைக் கவனியுங்கள்: வேதத்தை ஆராய்தல், அதின்படி செய்தல், அதன்பின் உபதேசித்தல். நம்மவர்கள் நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறார்கள்.

"ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று உடனே மேடையில் அறிவிப்பவர்கள் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசிக்க வேண்டும். சிறுவன் சாமுவேல் கேட்ட முதல் வார்த்தை, தான் பணிவிடை செய்துவந்த ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு எதிரானது. விடியற்காலம்மட்டும் படுத்திருந்த அவன், அதைச் சொல்லப் பயந்தான். மெய்யாகவே கேட்டவர்களிடம் இந்தப் பயத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அமைதியைத் தேடி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குத் தியானக் கூடுகைக்குப் போகிறோம். அங்கும் காலைமுதல் இரவுவரை செய்திமேல் செய்தி, பாட்டுமேல் பாட்டு, ஒருவரும் தனியே உட்கார அரைமணி நேரம் இல்லை. நடத்துகிறவர்களே, ஒரு செய்தியைக் குறையுங்கள்.

பேசவிருக்கும் பகுதியை ஒரு வாரமாவது குறிப்பேடு இல்லாமல் வாசியுங்கள். அது கட்டளையிடும் ஒரு காரியத்தை, ஒருவருக்கும் சொல்லாமல், செய்து முடியுங்கள். வீட்டில் ஒருவரோடு மனத்தாங்கல் இருந்தால், மத்தேயு 5:24 சொல்லுகிறபடி முதலில் ஒப்புரவாகுங்கள். அதற்குக் காலம் தேவையென்றால் அந்த வாரம் வேறொருவர் பேசட்டும். யூடியூபில் கேட்டதை ஆண்டவர் உங்களுக்குத் தந்ததாகச் சொல்லவே சொல்லாதீர்கள். ஒருவரிடத்தில் ஒருவர் வார்த்தையைத் திருடும் தீர்க்கதரிசிகளுக்கு விரோதமாக எரேமியா 23:30 கடுமையாகப் பேசுகிறது. சக ஆயர்களே, பாட்டும் பேச்சும் நன்றாக வருகிறது என்பதற்காக, நேற்று ஞானஸ்நானம் பெற்றவர் கையில் இன்று மைக்கைக் கொடுக்காதீர்கள். போதகர்களுக்கு அதிக ஆக்கினை (தண்டனைத் தீர்ப்பு) உண்டு என்று யாக்கோபு 3:1 எச்சரிப்பது அவருக்கும் சேர்த்துத்தான்.

குறைவில்லாதவர்கள் மட்டுமே போதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் எந்தப் பிரசங்க பீடத்திலும் ஆள் இராது. கற்பிக்கும் காரியத்தில் நீங்களும் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் கற்பிக்கும் தம்பி தங்கையரே, உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பாடப்புத்தகம் கைக்கு வந்தவுடன் அபிநயப் பாட்டிலும் கைவேலையிலும் இறங்கிவிடாமல், மனப்பாட வசனங்களில் ஒன்றை எடுத்து, அதன்படி வீட்டில் சில நாள் நடந்து பாருங்கள். "அக்கா, நீங்க இப்படிச் செய்வீங்களா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எங்கே செய்தீர்கள், எங்கே கடினமாயிருந்தது என்று அவர்களிடம் உள்ளபடி சொல்லுங்கள்.