எந்தக் கடல்?

"கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போங்கள், கோட்டை வாசல் வந்துவிடும்" என்றார் சந்திக் கடைக்காரர். காரோட்டிய அத்தான் கேட்டார்: "எந்தக் கடல்?"

நியாயமான கேள்விதான். திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலத்துண்டில் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை நிற்கும் முனைக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். நகரத்துக்கு மேற்கே உள்துறைமுகம். ரொறன்ரோவில் கார் ஓட்டிப் பழகிய அத்தானுக்கோ நீர் என்றால் ஒரே திசை. ஒன்ராறியோ ஏரி அந்த நகருக்கு எப்போதும் தெற்கே. கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோவிலுக்குத் தானே வழி கண்டுபிடிப்பேன், நீ வாய் திறக்கக் கூடாது என்பது அன்று அவர் எனக்கு இட்ட நிபந்தனை.

கைப்பேசி "தென்கிழக்காகப் புறப்படுங்கள்" என்றது. திரையிலிருந்த அம்பு, காரின் முகம் இருந்த பக்கத்துக்கு நேரெதிராக நின்றது. அதை நம்பி அவர் வண்டியைத் திருப்பினார்.

ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குத் தெரிவது இடம் மட்டும்தான். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கின்றன. கைப்பேசி பதில் பேசுவதில்லை. ஒவ்வொரு அறிவிப்பும் எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்கிடுகிறது, அவ்வளவே. அறிவிப்பு வருவது ஒளியின் வேகத்தில். ஒளி மைக்ரோ விநாடிக்கு, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள், 300 மீற்றர் ஓடும். ஆகவே கடிகாரம் இம்மி பிசகினாலும் நாம் கடலுக்குள் நிற்போம். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் உண்டு. நம் கையிலிருப்பது மலிவானது. அதன் பிழையையும் கண்டுபிடிக்கத்தான் மூன்று போதாமல் நான்காவது செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டீனின் சார்பியல்படி மேலேயுள்ள கடிகாரங்கள் நாளுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீற்றருக்கு மேல் வழுவிவிடும்.

இத்தனை நுட்பமும் சேர்ந்து, திறந்த வெளியில் 5 மீற்றர் அளவுக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது வேறு கேள்வி. ஒரு புள்ளிக்கு முகம் கிடையாது. கார் சிறிது தூரம் ஓடி, புள்ளிகள் வரிசையான பிறகே அதன் போக்கு தெரியும். நிற்கும்போது கைப்பேசி தனக்குள் இருக்கும் காந்த உணரியை நம்புகிறது. பூமியின் காந்தப்புலம் மிக மெல்லியது. காரின் இரும்பும், கைப்பேசியைப் பிடித்திருக்கும் காந்தத் தாங்கியும் அதை எளிதில் குழப்பிவிடும். திரும்புவதற்கு முன் பத்துப் பதினைந்து மீற்றர் நேரே போயிருந்தால் அம்பு தானாகவே சரியாகியிருக்கும்.

கார் ஓடத் தொடங்கி அம்பு சரியான பிறகும் அத்தான் ஏன் திரும்பவில்லை? எனக்குச் சுவையான பகுதி இதுதான். நம் மூளையில் திசைக்கென்றே நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒன்று நாம் வடக்கே பார்க்கும்போது துடிக்கும், இன்னொன்று கிழக்கே பார்க்கும்போது. எலிகளில் இவற்றை 1980களில் கண்டார்கள். இடத்தை அறியும் கலங்கள் அதற்கும் முன்பே, 1971இல் தெரியவந்தன. அதற்கு 2014இல் நோபல் பரிசும் கிடைத்தது. திசைக் கலங்களுக்குள் காந்தம் எதுவும் இல்லை. உட்காதின் அசைவுணர்வை வைத்துச் சுழல்கின்றன, மெல்ல மெல்லப் பிசகுகின்றன, கண்ணுக்குத் தெரிந்த அடையாளத்தைப் பிடித்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. அடையாளமே ஏமாற்றினால் முழுப் படமும் சேர்ந்து திரும்பிவிடும்.

வீடுகளின் இடைவெளியில், வலப்பக்கம், அத்தான் கடலைக் கண்டார். நீர் இருந்தால் அது தெற்கு, அப்படியானால் போவது கிழக்கு, கோட்டையும் கிழக்கே. கணக்கு அழகாகப் பொருந்தியது. கடைக்காரர் சொன்ன இடப்பக்கத்தை மறந்தே போனார். சூரியனும் உதவவில்லை. ரொறன்ரோவில் நண்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் விழும். இங்கே ஆகஸ்ட் கடைசியில் அது நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது.

நகரத்துக்கு வடக்கே, உப்புவெளி தாண்டி 'நிலாவெளி' என்ற பெயர்ப்பலகை வந்தது. தலைக்குள் படம் சுழன்று பொருந்தியிருக்க வேண்டும்; கிறுகிறுக்கிறது என்று காரை ஓரங்கட்டினார்.

கோட்டைக்குள் நுழைந்தபோது மான்கள் நிழலில் படுத்திருந்தன. கோவில் நடை சாத்தியிருந்தது.